மரத்து மேலயா... மண்ணு மேலயா?

போன நவம்பர்ல ஒரு நாள் எங்க பெரியப்பா பையன்கிட்ட இருந்து போன். அண்ணன் அமெரிக்காவுல, விஸ்கான்சின்ல எம்.எஸ். படிக்கிறார். எடுத்த எடுப்புலயே, "டேய், நீ மெக்கானிக்கல்தானே? மரத்து மேல உட்காரலாமா, தரையில உட்காரலாமா... சட்டுனு சொல்லு!"

"என்னண்ணா, போதிமரம் ஏதாவது மாட்டிருச்சா?"ன்னேன். மேட்டர் அதுவல்ல. மான் வேட்டை!

நம்ம ஊர்ல மான் மேல கை வெச்சா கம்பி எண்ணணும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. ஆனா, அங்கே வெள்ளைவால் மானை லைசென்ஸ் வாங்கிச் சுடலாம். ஓநாயும் பூமாவும் பல மாநிலங்கள்ல ஒழிஞ்சுபோக, மான்கள் ஏகத்துக்கும் பெருகிடுச்சு. வயலை மேயுது, ராத்திரியில காருக்குக் குறுக்கே பாயுது. அதனால வேட்டைக்கு சீஸன், விதிமுறை எல்லாம் அரசாங்கமே வெச்சிருக்கு. விஸ்கான்சின்ல துப்பாக்கி சீஸன் நவம்பர் கடைசியில 9 நாள். அண்ணனோட லேப்மேட், "சும்மா வேடிக்கை பார்க்க வா"ன்னு கூப்பிட்டிருக்கார்.

சாய்ஸ் நம்பர் ஒண்ணு... ட்ரீ ஸ்டாண்ட். புதுசா ஒண்ணும் இல்லீங்க, தினைப்புனத்துல வள்ளி நின்ன அதே பரண்தான்! 15, 20 அடி உயரத்துல மரத்தோட சேர்த்துக் கட்டின குட்டி சீட். மான் அண்ணாந்து பார்க்கிறது குறைவு. நம்ம வாசனையும் அதோட மூக்குக்கு மேலயே போயிட சான்ஸ் உண்டு. குறி தப்பினாலும் குண்டு மண்ணுல இறங்கிடும். மைனஸ்? கொல்லுற குளிர். கொஞ்சம் அசைஞ்சாலும் மான் எஸ்கேப்!

சாய்ஸ் ரெண்டு... கிரவுண்ட் ப்ளைண்ட். தரையில போடுற மறைவுக் கூடாரம். உள்ளே இருட்டா இருக்கும், கறுப்பு டிரெஸ் போட்டுக்கிட்டா கை காலை ஆட்டலாம், டீ குடிக்கலாம். ஆனா, ஜன்னல் வழியா தெரியுறது மட்டும்தான் உலகம். திடீர்னு முளைச்ச கூடாரத்தைப் பார்த்தா மான் உஷாராகிடும். அதனால சில நாள் முன்னாடியே போட்டு, இலை தழையால மூடி வைக்கணும். இன்னொரு சிக்கல், நீங்க உள்ளே இருக்கிறது மத்த வேட்டைக்காரங்களுக்கும் தெரியாது! அதுக்குத்தான் பொது நிலத்துல கூடாரத்து மேல பளிச் ஆரஞ்சுத் துணி கட்டணும். மான் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாத் தெரியாது, மனுஷங்களுக்குத் தெரியும். 2016-ல பளிச் பிங்க்கும் ஓகேன்னுட்டாங்க!

இப்போ நம்ம சப்ஜெக்ட். 20 அடின்னா சுமார் 6 மீட்டர். கை நழுவினா 1.1 செகண்ட்ல தரை. மோதுற வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர்! இந்தக் கணக்கை நான் பெருமையா ஒப்பிச்சதும், அண்ணன் குரல் இறங்கிடுச்சு. "லேப்மேட்டோட அப்பா அப்படித்தான்டா விழுந்தார். முப்பது வருஷ அனுபவம். இறங்குறப்போ ஒரு படி வழுக்கிருச்சு. இப்போ கைத்தடியோட தரைக் கூடாரத்துலதான் உட்கார்றார்."

அங்கே வேட்டையில அடிபடுறதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, பரண்ல இருந்து விழுறது. அதுவும் ஏறும்போதும் இறங்கும்போதும் விழுறவங்க நிறைய. இத்தனைக்கும் உடம்பு முழுக்க மாட்டுற ஹார்னஸ் இருக்கு. தரையில இருந்து உச்சி வரைக்கும் ஒரு கயிறு கட்டி, அதுல நழுவுற முடிச்சோட ஹார்னஸைக் கோத்துட்டா ஒவ்வொரு படியிலயும் சேஃப்டி. விழுந்தா முடிச்சு இறுகிப் பிடிச்சுக்கும். லோடு எடுத்த துப்பாக்கியைத் தனிக் கயிறு கட்டி அப்புறம் மேல இழுத்துக்கணும். அவருகிட்ட ஹார்னஸ் இல்லாமலா? இருந்துச்சு, வண்டியோட பின்சீட்டுல. "இந்த ஒரு தடவைதானே"ன்னு ஏறினாராம்.

நான் சொன்னேன்: "அண்ணா, முதல் தடவை போறீங்க, தரையிலயே உட்காருங்க. மரம்தான்னா, தரையில கால் இருக்கும்போதே ஹார்னஸை மாட்டுங்க."

"சரிங்க இன்ஜினீயர் சார்! நீ பைக்ல போறப்போ ஹெல்மெட் எங்கே இருக்கும்?"

பெட்ரோல் டேங்க் மேல. வாயை மூடிக்கிட்டேன் பாஸ்.

அன்னிக்கு அண்ணன் கூடாரத்துலதான் உட்கார்ந்தார். மான் வரவே இல்லையாம். ஆள் நடந்து வீடு வந்துட்டார். என் ஹெல்மெட்டும் இப்போ தலைக்கு வந்துருச்சு. உங்களுது..?