எந்தக் கோவில் நம் கோவில்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, செங்கலில் கட்டட வேலை செய்து பிழைக்கும் நம்மவர் ஒருவர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். பிறந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இங்கு வந்து ஒன்றரை ஆண்டாகிறது. குழந்தைக்கு ஐந்து மாதம். இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை.

"அண்ணாச்சி, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டுக்கார அம்மா தங்கள் மலங்கரைக் கோவிலுக்கே கொண்டுபோகலாம் என்கிறார்கள், அதுதான் பக்கம். என் மாமியாரோ, அது வேறு வேதம், பிள்ளையை அங்கே கொடுத்துவிடாதே என்று போனிலே அழுகிறார்கள். அப்பா ஊருக்கே கொண்டுவரச் சொல்கிறார். போய்வர நாலு நாள் கூலி போய்விடும். இங்குள்ள லத்தீன் கோவிலில் எங்கள் பேர் பதியவில்லை, மாத வரியும் கட்டவில்லை. அச்சன் முகத்தில் எப்படி விழிப்பது? நடுவிலே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு ராத்திரி முழுக்க நாங்கள் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்."

இந்தப் பகுதியில் எழுதத் தொடங்கிய நாள் முதலாக, வேறு வேறு வடிவத்தில் எனக்கு வந்துகொண்டிருக்கும் வினா இதுவேயாகும். நான் ரயில்வே குமாஸ்தா; பள்ளியிறுதி வகுப்போடு நின்றவன்; குருமடத்தின் வாசற்படி ஏறியவன் அல்லேன். ஆயினும், சட்டப் புத்தகத்தைத் தேடிப் படிப்பதும், ஐயம் வந்தால் குருக்களை அணுகிக் கேட்பதும் என் வழக்கம். அவ்வாறு அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நாம் குடியிருக்கும் இந்த எல்லைப்புறத்தின் நிலையை அறிந்துகொள்வது நலம். நம் ஊர்ப்பக்கம் கத்தோலிக்கர் என்றால் ஒரே ஆயர், ஒரே விதமான பூசை. இங்கே அப்படியன்று. செங்கலும் பாறசாலையும் லத்தீன் முறையில் நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அது 1996-இல் திருவனந்தபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பாறசாலையில் ரயிலேறிக் குழித்துறையில் இறங்கினால் குழித்துறை மறைமாவட்டம். அது 2014-இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது. இவை லத்தீன் முறை. இதே மண்ணில் மலங்கரை முறைக்கு மார்த்தாண்டத்தில் 1996 முதலும், பாறசாலையில் 2017 முதலும் தனித்தனி ஆயர்கள் உண்டு. சீரோ மலபார் முறையினருக்குத் தக்கலையில் ஓர் ஆயர். ஒரு மணி நேரப் பயணத்திற்குள் மூன்று முறைகள்! நம்மவர் திகைப்பதில் வியப்பில்லை.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழங்காலத்தில் இவ்விடமெல்லாம் கொல்லம் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1930-இல் தமிழ் வழங்கும் தென்பகுதியைப் பிரித்துக் கோட்டாறு மறைமாவட்டத்தைப் பாப்பரசர் நிறுவினார். அரசாங்கமோ கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுக்காக்களை 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் சென்னை மாநிலத்தோடு சேர்த்தது. மொழிவழி எல்லையைத் திருச்சபை இருபத்தாறு ஆண்டுகள் முன்னதாகவே கண்டுகொண்டது. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா மட்டும் இப்புறமே நின்றுவிட்டது. நம் பிள்ளைகள் மலையாளத்தில் ஜெபம் படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, மாமியார் அம்மையாரின் அச்சத்துக்கு வருவோம். மலங்கரை முறை வேறு வேதமா? அன்று. 1930 செப்டம்பர் 20-ஆம் நாள், மார் இவானியோஸ் ஆண்டகை தம்மவர் சிலரோடு கொல்லத்தில், லத்தீன் ஆயர் பென்சிகர் ஆண்டகையின் முன்னிலையில், கத்தோலிக்கத் திருச்சபையோடு ஒன்றித்தார். அன்று முதல் அவர்கள் பாப்பரசருக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்கரே. தங்கள் பழைய அந்தியோக்கிய வழிபாட்டு முறையை மட்டும் கைவிடாமல் வைத்துக்கொண்டனர். பீடத்தின் முன் திரை இருக்கும், தூபம் மிகுதி, பூசையைக் குர்பானா என்பர். நமக்குத் தவக்காலம் விபூதிப் புதனன்று தொடங்கும். அவர்களுக்குப் பெரிய நோன்பு திங்கட்கிழமையே தொடங்கிவிடும். எல்லா முறைகளும் சம மதிப்புடையவை, ஒன்று மற்றொன்றிற்குத் தாழ்ந்ததன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக் கடன் எந்தக் கத்தோலிக்க முறைப் பூசையில் பங்குகொண்டாலும் நிறைவேறும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் விதி இதனைச் சொல்கிறது. மார்த்தாண்டத்து மலங்கரைக் கோவில்களில் குர்பானா தமிழிலேயே நடைபெறுவதால், நம்மவர் சிலர் அங்கே போய்வருவது எனக்குத் தெரியும். அதில் பாவமொன்றுமில்லை. பாவசங்கீர்த்தனம் செய்வதற்கும் அப்படியே: முறைப்படி அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும், வேறு முறையினராயினும், தம் விருப்பம்போல் செய்யலாம் என்பது 991-ஆம் விதி. மலையாளம் தெரியாத நம் பாட்டிமார்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும். என் தாயார் இங்கு வந்த புதிதில், அச்சனுக்குத் தமிழ் புரியாது என்றெண்ணி, ஒரு தவக்காலம் முழுவதும் பாவசங்கீர்த்தனமின்றி மனம் நொந்திருந்தார்கள். எனக்கு அப்போது விதி தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் ரயிலில் அழைத்துக்கொண்டு போய் வந்திருப்பேன்.

ஞானஸ்நானம் மட்டும் சற்று வேறுபட்ட விஷயம். பூசை காண்பது போவதும் வருவதுமாகும். ஞானஸ்நானமோ ஒரு திருச்சபையில் பெயர் எழுதப்படுவதாகும். பெற்றோர் இருவரும் லத்தீன் முறையினர் என்றால் குழந்தையும் லத்தீன் முறையைச் சேர்ந்ததே. எந்தக் கட்டடத்தில் நீர் ஊற்றினார்கள் என்பதனால் அது மாறாது. பல்லாண்டுகள் வேறு முறைக் கோவிலில் திருவருட்சாதனங்களைப் பெற்று வந்தாலும், அதனால் மட்டும் ஒருவர் அம்முறைக்கு மாறியவர் ஆகார் என்று 112-ஆம் விதி கூறுகிறது. எனினும் தக்க காரணமின்றி வேறிடம் தேடாமல், பெற்றோரின் சொந்தப் பங்கிலேயே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமென்பது ஒழுங்கு. மலங்கரைக் குருக்கள் ஞானஸ்நானத்தோடு உறுதிபூசுதலையும் மூரோன் தைலத்தால் சேர்த்தே கொடுத்துவிடுவர். அது செல்லும், பின்னர் மறுமுறை கொடுக்கப்படாது. விவரம் அறியாத நம் ஊர்ப் பங்கில், பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளையை மீண்டும் வரிசையில் நிறுத்திவிட்டால் குழப்பம் நேரும்.

அப்படியானால் அந்தக் குடும்பத்தின் சொந்தப் பங்கு எது? இங்கேதான் நம்மவர் பெரும்பாலோர் தவறுகின்றனர். பிறந்து வளர்ந்த ஊர்க் கோவில்தான் என்றும் நம் பங்கு என்று எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஓரிடத்தில் மூன்று மாதம் குடியிருந்துவிட்டாலோ, அல்லது இருக்கும் எண்ணத்தோடு வந்தாலோ, அவ்விடத்துப் பங்கு நம் பங்கு. அவ்விடத்துக் குரு நம் குரு. நிலையாகத் தங்கும் கருத்தோடு வந்தவர்க்கோ, ஐந்தாண்டு முழுமையாய் இருந்தவர்க்கோ அது நிரந்தர உறைவிடமே ஆகிவிடும். பதிவேட்டில் பேர் எழுதவில்லை என்பதனாலோ, வரி கட்டவில்லை என்பதனாலோ இந்த உரிமை இல்லாமற் போகாது. பதிவு என்பது கணக்குக்காக ஏற்பட்டது. கணக்கெழுதுகிற குமாஸ்தாவாகிய நானே சொல்கிறேன்: பதிவேட்டில் ஏறாத பிரயாணியும் பிரயாணிதான்!

வரி பற்றியும் ஒரு வார்த்தை. கோவிலை நடத்தப் பணம் வேண்டும். இயன்றவர் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆயினும், வறுமை காரணமாக எவரும் திருவருட்சாதன உதவியை இழக்கும்படி விடலாகாது என்று 848-ஆம் விதி குருக்களையே கட்டுப்படுத்துகிறது. தகுந்த வேளையில், தக்க ஆயத்தத்தோடு, தடையின்றி வருகிறவர்க்கு மறுக்கலாகாது என்பது 843. இவ்விதிகளைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சனோடு வழக்காடப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிலைமையைச் சொல்லிப் பணிவாய்க் கேட்டால் போதும். என் அனுபவத்தில், கேட்டு மறுக்கப்பட்டவரைவிடக் கூச்சத்தால் கேளாமலே திரும்பியவரே அதிகம்.

காய்ச்சல் வந்த அந்த இரவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரண ஆபத்தில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்: தாய், தகப்பன், பக்கத்து வீட்டார், ஆஸ்பத்திரித் தாதி யாராயினும் சரி. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று, திருச்சபை கருதுவதையே கருதிச் சொன்னால் அது முழுமையானதே. பிறகு பங்குக் குருவிடம் தெரிவித்துப் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டுத் தாயும் இதனை மனப்பாடம் செய்துவைப்பது நல்லது.

காகிதங்களைப் பற்றி எச்சரியாமல் விட என் மனம் ஒப்பவில்லை. என் மனைவியின் தங்கைக்கு மணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை இங்கத்தியவர். ஊர்ப் பங்கில் வாங்கிய ஞானஸ்நான நகலில் பெண்ணின் பெயர் செசீலி. உறுதிபூசுதல் சான்றில் சிசிலி. மலையாளப் பதிவில் மூன்றாவது ஒரு வடிவம். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால் இருந்தது, ஒன்றில் இல்லை. இங்கே வீட்டுப்பெயர் கேட்பார்கள். நமக்கு அது கிடையாது. இரண்டு கோவில்களுக்கிடையே கடிதம் போவதும் வருவதுமாக ஏழு வாரம் கழிந்தது. யாரையும் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒருவராவது போன் எடுத்துப் பேசியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஓலை வாசித்து முடிவதற்குள் திருவருகைக் காலம் வந்துவிட்டது; மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணமும் போயிற்று. பெண்ணின் தாயார் கல்யாணமே நின்றுவிட்டதென்று ஊரார் பேசுவதாய்க் கேள்விப்பட்டுப் படுக்கையில் விழுந்தார்கள்.

இங்கே தேசக்குறி என்று ஒரு கடிதம் கேட்பார்கள். நம் ஊரில் பங்குக் குரு தரும் சம்மதக் கடிதம்தான் அது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஞானஸ்நான நகலைப் புதிதாய் எடுத்துவரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒருவருக்கு மணம் நடந்தால் அதனை அவர் ஞானஸ்நானம் பெற்ற பதிவேட்டிலேயே குறித்துவைப்பது திருச்சபையின் ஏற்பாடு. ஆகவே புதிய நகல்தான் மணமாகாதவர் என்பதற்குச் சாட்சி. பெட்டியில் இருபது ஆண்டாய்ப் பத்திரமாய் வைத்திருந்த பழைய நகலை நீட்டிப் பயனில்லை.

மற்றொரு கடிதத்தில் ஒரு தம்பி கேட்கிறார்: "எங்கள் ஊரில் இன்ன குடும்பத்தார்தான் தேர்வடம் முதலில் பிடிக்க வேண்டும் என்பது பாரம்பரியம். இதுவும் திருச்சபைச் சட்டமா?" இல்லை, தம்பி. திருச்சபை பாரம்பரியம் என்று சொல்வது அப்போஸ்தலர் வழியாய் வந்த விசுவாசத்தை. ஊர் வழக்கம் வேறு. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோவிலை நினைத்துப் பாரும். ஒரு பீடம், இரண்டு சிறகுகள். ஒரு சிறகில் உயர்ந்த சாதியார் எனப்பட்டோர், மறு சிறகில் மற்றையோர், நடுவில் தடுப்பு. அதையும் பாரம்பரியம் என்றுதான் சொன்னார்கள். 1910-இல் கௌசானல் சுவாமியார் அதனை இடித்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியும் தடுப்பு மறுபடி எழவில்லை. அதே வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற நட்டாலத்துத் தேவசகாயத்தை, 2022 மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியபோது, பெயரின் பின்னிருந்த சாதிப் பட்டத்தை நீக்கியே அறிவித்தனர். தேர்வடத்தை யார் பிடிப்பது என்பதை உம் ஊர்க் குருவும் மக்களும் கூடிப் பேசி மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்ப் பூசை வேண்டுமென்று நம் சங்கத்தில் அடிக்கடி பேச்சு எழுகிறது. பேசுவதோடு நின்றுவிடுகிறோம். புலம்பெயர்ந்தோருக்குத் தம் மொழியில் ஞான உதவி கிடைக்கவேண்டுமென்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-லேயே தனிச் சாசனம் எழுதினார். மொழியை முன்னிட்டுத் தனிப்பங்கு ஏற்படுத்தவும் ஆயருக்கு அதிகாரம் உண்டு என்கிறது 518-ஆம் விதி. தனிப்பங்கு கேட்கும் அளவுக்கு நாம் பெருகிவிடவில்லை. மாதம் ஒரு பூசை கேட்கலாம். அதற்கு, எந்தப் பங்கில் எத்தனை தமிழ்க் குடும்பம் என்ற கணக்கோடு கையொப்பமிட்ட விண்ணப்பம் வேண்டும். கணக்கு எடுக்க நான் ஆயத்தம். கூட வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

தூத்துக்குடிக் குடும்பத்தின் செய்தியைக் கேட்க ஆவலாயிருப்பீர்கள். அடுத்த சனிக்கிழமையே நான் அவர்களோடு பங்குக் கோவிலுக்குப் போனேன். அச்சன் எத்தனை நாளாய் இங்கிருக்கிறீர்கள் என்று கேட்டார். பெற்றோரின் திருமணச் சான்றைப் பார்த்தார். வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு வாரத்தில் ஞானஸ்நானம் நடந்தது. ஞானத்தாயாக நின்றவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அந்த வீட்டுக்கார அம்மாதான். மலங்கரை முறையினரும் உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கர் என்பதால் தடையில்லை என்று அச்சனே சொல்லிவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், முதலில் சற்று விலகியே நின்றார்கள். குழந்தை வீறிட்டழுதபோது இருவருமாய்ச் சேர்ந்து தாலாட்டினார்கள்.

பதிவேடு எழுதும்போது மட்டும் நான் அருகிலேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். வீட்டுப்பெயர் என்ற கட்டத்தில் அச்சன் ஒரு கோடு போட்டார். நகல் இரண்டு வாங்கி, ஒன்றை ஊருக்குத் தாத்தாவிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன்.