ஆசிரியர் அனுப்பும் கடிதத்தை வாசிக்கிறோமா?

“இஞ்சை ஸ்கூல்ல ஒண்டும் படிப்பிக்கிறேல்லை. மூண்டாம் வகுப்பு, இன்னும் வாய்ப்பாடு தெரியாது.” ரொறன்ரோவில் எங்கட ஆட்கள் கூடுகிற பிறந்தநாள் விழாக்களில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். மூன்றாம் வகுப்பில் இருந்த மகளை வாரத்தில் மூன்று நாள் ரியூசனுக்கும் அனுப்பினேன்.

போன ஏப்ரலில் அவளுடைய ஆசிரியர் ஒரு கடிதம் அனுப்பினார். அந்த மாதம் ஒவ்வொரு பாடத்திலும் என்ன படிக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. வழக்கமாக நான் அதைத் திறப்பதே இல்லை. அன்று வாசித்தேன். அறிவியலில் மண்: மண்ணின் வகைகள், அதில் வாழும் புழு பூச்சிகள், குப்பை உரமாகும் விதம். சமூகக் கல்வியில், ஒன்ராறியோவில் நிலத்தை எதெதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது. கணிதத்தில், வகுப்பில் நட்ட பயிரின் உயரத்தை அளந்து வரைபு கீறுவது. மொழிப் பாடத்தில், விதை நடும் முறையைப் படிப்படியாக எழுதுவது. நான்கு பாடமும் ஒரு பிடி மண்ணைச் சுற்றி நடக்கிறது. இதைத்தான் “ஒண்டும் படிப்பிக்கிறேல்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாய்ப்பாட்டுக்கும் பாடத்திட்டத்தில் இடம் இருக்கிறது. 2020 இல் வந்த ஒன்ராறியோ கணிதப் பாடத்திட்டத்தின்படி மூன்றாம் வகுப்பில் 2, 5, 10 ஆம் வாய்ப்பாடுகள், நான்காம் வகுப்பில் 10 வரை, ஐந்தாம் வகுப்பில் 12 வரை. கோடிங்கும் காசைக் கையாளும் அறிவும் முதலாம் வகுப்பிலேயே தொடங்குகின்றன. எங்கட ஊர் வேகம் இல்லைத்தான். அது போதாது என்று நினைப்பவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே குறை சொல்வது பிழை.

தேர்ச்சி அறிக்கையிலும் இதே கதைதான். ‘பி’ என்று கண்டவுடன் எங்கள் முகம் வாடிவிடும். ‘பி’ என்றால் மாகாணம் எதிர்பார்க்கும் தரத்தைப் பிள்ளை எட்டிவிட்டது என்று அர்த்தம். பொறுப்பு, கூடி வேலை செய்தல், தானாக முன்வருதல் என்று ஆறு பழக்கங்களைப் பற்றியும் ஆசிரியர் அதில் எழுதுகிறார். அந்தப் பக்கத்தை எத்தனை பேர் வாசிக்கிறோம்?

அன்று பின்னேரம் என் மாமியைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் நட்டு நாற்பது வருடம் வாழ்ந்தவர் அவர். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. ஆனால் பேத்திக்குத் தெரிந்த சொல் ‘கம்போஸ்ட்’, அவருக்குத் தெரிந்த சொல் ‘எரு’. ஒரே வீட்டில், ஒரே விஷயம் தெரிந்த இரண்டு பேர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். “ஆட்டெருவா மாட்டெருவா நல்லது, அம்மம்மா?” என்று மகள் கேட்டபோது ரியூசன் நேரம் தாண்டிவிட்டது. அன்று அனுப்பவில்லை.

இதில் எனக்கு ஒரு யோசனை உண்டு. பல கல்விச் சபைகள் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. அங்கே பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் விஷயத்தையே தமிழில் பேச வைக்கலாமே? மூன்றாம் வகுப்புக்கு மண், எரு, மண்புழு. இரண்டாம் வகுப்பில் குடும்பத்தின் பழக்கவழக்கங்கள் பற்றிப் படிக்கிறார்கள், அதற்குப் பொங்கலும் திருமணச் சடங்கும். இலக்கணமும் பேச்சுப்போட்டியும் இருக்கட்டும். தமிழில் யோசிக்க வேறெதுவும் இல்லை என்றால், பதினைந்து வயதில் பிள்ளை தமிழை விட்டுவிடும்.

“எத்தனை மார்க்ஸ்?” என்று கேட்கும் முன் “இண்டைக்கு என்ன படிச்சனீ?” என்று கேட்போம். அடுத்த கடிதம் வந்தால் அதைத் திறந்து, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் தமிழில் சொல்லுங்கள். அதில் ஏதோ ஒன்று அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.