வரி வேறு, அடி வேறு

வாக்கியத்தை எங்கேனும் முறித்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கவிதை என்பது இன்றைய இளைஞர் பலரின் கொள்கை. எதுகையும் மோனையும் அமைந்தாற் போதும், அதுவே செய்யுள் என்பது பெரியோர் சிலரின் கொள்கை. இரண்டும் பிழை என்பதே நம் வழக்கு.

வரி தாளுக்கு உரியது. அடி செவிக்கு உரியது. அலுவலகத்தில் நாம் நாள்தோறும் எழுதும் குறிப்புகளுக்கும் வரிகள் உண்டு. தாளின் ஓரம் வந்ததும் அவை முடிகின்றன. நேற்றைய மழையில் பெஹாலாத் தெருக்களில் நீர் தேங்கிற்று என்னும் செய்தியை நான்கு துண்டாக்கி எழுதினும் அது செய்தியே. துண்டுகளை மீண்டும் சேர்த்தெழுதினால் இழப்பு ஏதுமில்லை எனில், அங்கே அடி இருந்ததே இல்லை.

தொல்காப்பியர் செய்யுளியலில் நாற்சீர் கொண்டதை அடி என்றார். 4 எழுத்து முதல் 20 எழுத்து வரை எண்ணி, குறளடி முதல் கழிநெடிலடி ஈறாக ஐவகை வகுத்தார். பிற்காலத்து யாப்பருங்கலக்காரிகையோ எழுத்தை விடுத்துச் சீரை எண்ணிற்று. அளவுகோல் மாறினும் இரு நூலும் அளந்தது ஒலியையே. ஏட்டுச்சுவடிகளில் செய்யுளும் உரைநடைபோல ஓலையின் இறுதிவரை தொடர்ந்தே எழுதப்பட்டது. 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரைப் போன்றோர் யாப்பறிந்த செவி கொண்டே அடிகளைக் கண்டனர். அச்சு அடியைப் படைக்கவில்லை. இருந்த அடியைக் காட்டிற்று.

நாம் வாழும் வங்க மண்ணும் இதற்குச் சான்று பகரும். வங்கத்தின் பயார் யாப்பில் அடிக்கு 14 எழுத்து. எட்டில் ஒரு நிறுத்தம். ஈரடிகளின் இறுதியில் இயைபு. மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இல் மேகநாதவத காவியத்தில் அவ்வியைபைத் துறந்தார். பொருளை அடி கடந்து ஓடவிட்டார். ஆயினும் பதினான்கை விட்டாரில்லை. தாகூரும் 1932இல் வெளிவந்த ‘புனஸ்ச’ முன்னுரையில், முன்னர் ‘லிபிகா’வை அச்சிட்டபோது வாக்கியங்களைச் செய்யுள்போல் பிரிக்காமைக்குத் தம் அச்சமே காரணமாகலாம் என்கிறார். அடி பிரிப்பதற்கு அத்துணைப் பெருங்கவிஞரும் தயங்கினார். நம் இளைஞர் தயங்குவதில்லை!

புதுக்கவிதைக்கு நாம் பகைவர் அல்லோம். 1959இல் தோன்றிய ‘எழுத்து’ இதழில் ந. பிச்சமூர்த்தி எழுதியவற்றை மரபு மீறல் என்று தள்ளுவோர் கட்சியில் நாம் இல்லை. யாப்பை விடுபவன் அடியை விட்டவனாகான். ஒவ்வோர் அடியையும் ஏன் அங்கே நிறுத்தினான் என்பதற்கு அவனே விடை கூறக் கடமைப்பட்டவன். எதுகையையே நம்புவோருக்கும் ஒரு சொல்: எதுகை அடியின் வாயிலில் கட்டிய மணி, மணி கட்டியதனால் மட்டும் வீடு எழும்பிவிடாது.

இது புலவர் சண்டை அன்று. நம் பிள்ளைகளின் செவியைப் பற்றியது. பள்ளியிலும் தெருவிலும் வங்கப் பாட்டைக் கேட்டு வளரும் பிள்ளை, அடியின் இறுதியில் இயைபை எதிர்நோக்குகிறது. தமிழோ இரண்டாம் எழுத்தின் எதுகையால் அடியின் தொடக்கத்தை அறிவிக்கிறது. அதனைக் கேட்டுப் பழகாத பிள்ளைக்குத் தமிழ்ச் செய்யுள் வெறும் அச்சாகவே நின்றுவிடும். ஒப்புவித்தல் போட்டிகளில் குறள்கள் ஒரே மூச்சில் கொட்டப்படுகின்றன. விரைவுக்குப் பரிசும் கிடைக்கிறது. முதலடியில் நாற்சீர், இரண்டாமடியில் முச்சீர். அந்தக் குறைந்த ஒரு சீரின் இடத்தில் விளையும் அமைதியிலேதான் பொருள் நெஞ்சில் இறங்குகிறது. அவ்வமைதியை யார் கற்பிக்கிறோம்?

பதம் பிரித்த பதிப்பு பொருள் அறிய உதவும். ஓசை அறியச் சீர் பிரித்தே ஓத வேண்டும். ஆதலின் சங்கத்தின் தமிழ் வகுப்புகளில் பொருளுரைக்கு முன்னே கையால் தாளமிட்டுச் சீரும் அடியும் கேட்கச் செய்க. போட்டிகளில் எத்தனை குறள் என்று எண்ணாது, அடியறிந்து ஓதிய ஒரு குறளுக்குப் பரிசளிக்க. ஊரைவிட்டு வந்த நாம் எல்லாவற்றையும் கொண்டுவர இயலாது. செவியை உடன்கொண்டே வந்திருக்கிறோம். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்வோம்.