ராணியை விடுங்க, அடையைப் பாருங்க

வெள்ளவத்தைக் கடையில தேன் போத்தல் வாங்கினா, சீனிப்பாணி கலந்திருக்கா எண்டு தண்ணியில விட்டுப் பாக்கிறம், நெருப்புக்குச்சியில தோய்ச்சுக் கொளுத்திப் பாக்கிறம். அந்தத் தேனைத் தந்த கூடு சுகமா இருக்கா எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை.

அதைச் சொல்றது புழு அடை. ஒரு அறைக்கு ஒரு முட்டை, அடியில ஒட்டியிருக்க வேணும். மூடிய அறைகள் நெருக்கமாகப் பரவியிருந்தா ராணி நல்லா இடுறாள். இடையிடையே ஓட்டையாக் கிடந்தா? அவள் கிழடாகியிருக்கலாம், போதிய ஆண் தேனீக்களோட கூடாம விட்டிருக்கலாம். இல்லாட்டி நோயில செத்த புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் இழுத்தெறிஞ்சிருக்கலாம். ஆகவே எடுத்த எடுப்பில ராணியை நசுக்கிறது அநியாயம். (அவளை மாத்த வேணுமெண்டா வேலைக்காரிகளே மாத்துவினம். பேருக்குத்தான் ராணி!)

நோய் விளையாட்டில்லை. 1991-92இல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தாய் சாக்புரூட் வைரஸ் பெரும்பாலான கூடுகளை அழித்தது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல ஊதிச் செத்தன. நம்ம பெட்டிகளில இருக்கிறதும் அதே இந்தியத் தேனீ இனம்தான்.

பண்டாரவளை, பிந்துனுவெவயில விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கு. ஆனா வாழ்வாதாரம் எண்டு பெட்டி குடுக்கிற எல்லாரும் அடை வாசிக்கவும் பழக்க வேணும். அகப்பட்ட கூட்டத்தைப் பிடிச்சு அடைக்கிறது போதாது. நோயில்லாம, நெருக்கமா முட்டை நிறைஞ்ச கூட்டைப் பார்த்து அதிலிருந்து அடுத்த ராணியை வளர்க்கவும் சொல்லிக் குடுங்கோ. பெட்டிக்கணக்கை பிறகு சொல்லலாம்.