உப்பு விளைப்போர் செய்தி ஏன் விலைபோகவில்லை?

மரக்காணம் உப்பளங்களில் மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். ஆண்டுதோறும் நேரும் இந்தக் கொடுமைக்கு இணைய ஏடுகளின் முகப்பில் இடம் கிடைப்பது ஏன் அரிதாக இருக்கிறது என்று கேட்கிறோம். விளம்பரக் காசின் வரலாறு விடை சொல்கிறது.

1994 அக்டோபர் 27-ல் அமெரிக்காவின் 'ஹாட்வயர்ட்' இணைய ஏடு பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. அன்று அது இடத்துக்கு வாடகை. 2003-ல் கூகுளின் 'ஆட்சென்ஸ்' வந்தபின், வாசகர் விளம்பரத்தைச் சொடுக்கினால் காசு என்ற முறை சிறுசிறு தளங்களுக்கும் பரவியது. எழுத்தின் தரத்துக்கு அந்தக் கணக்கில் இடமேது? கூட்டம் எங்கேயோ, காசு அங்கே! பரபரப்பும் வதந்தியும் முன்னே வந்தன. உழைப்பாளரின் கூலிப் பிரச்னை பின்னே தள்ளப்பட்டது.

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் உயிர்களைப் பறித்தபோது மரக்காணம் தலைப்புச் செய்தியாயிற்று. செத்தால் செய்தி, வேலையின்றிப் பட்டினி கிடந்தால் செய்தியில்லை!

"விளம்பரத்தால்தானே செய்தி இலவசம்?" என்பார்கள். இலவசமா? நாம் வாங்கும் சோப்பின் விலையிலேயே விளம்பரச் செலவும் அடங்கியிருக்கிறது. காசு நம்முடையது, அதிகாரம் முதலாளியுடையது.

அந்தக் காசை நேரே சந்தாவாகக் கொடுப்போம். வாசகர் பணத்தில் நிற்கும் ஏடுதான் வாசகருக்குப் பதில் சொல்லும்.