ரயிலை நிறுத்தும் காற்று

 

நம் பொம்மிடி வழியே செல்லும் ரயில் வண்டிகள் சிக்னலுக்குக் கட்டுப்பட்டவை. இராமேஸ்வரம் செல்லும் பாதையிலோ, அந்த சிக்னலே காற்றுக்குக் கட்டுப்பட்டிருந்தது! 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். வண்டி கரையிலேயே காத்து நிற்கும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் காற்றைக் கண்காணித்தே ரயிலை விடுகின்றனர்.

கண்ணுக்குப் புலப்படாத காற்றை எவ்வாறு அளக்கின்றனர்?

முதலில் திசை. பாய்மரக் கப்பலோட்டிய நம் மரக்காயர்கள் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும் பிரித்தறிந்தனர். பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லே மேலைநாட்டார் நாவில் ‘மான்சூன்’ ஆயிற்று. காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையின் பெயரையே இடுவது இன்றும் வழக்கம். வானிலை நிலையத்துக் காற்றுத்திசைகாட்டியின் அம்பும் காற்று வரும் பக்கத்தையே நோக்கும்.

அடுத்து வேகம். 1805-இல் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி போஃபர்ட், காற்றின் வலிமையைப் பூஜ்யம் முதல் 12 வரை படிகளாக வகுத்தார். அது கண்ணால் கண்டு மதிப்பிடும் முறை. 1846-இல் அயர்லாந்தைச் சேர்ந்த ராபின்சன், நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் சுழலும் கருவியை அமைத்தார். கிண்ணத்தின் குழிந்த பக்கம் காற்றை அதிகம் ஏற்பதால் கருவி சுழலும்; சுற்றுகளை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். பின்னர் மூன்று கிண்ணங்களே போதுமெனக் கண்டனர். இன்றைய நவீனக் கருவிகள் சிலவற்றில் சுழலும் உறுப்பே இல்லை. காற்றோடு செல்லும் ஒலி விரைந்தும், எதிர்த்துச் செல்லும் ஒலி தாமதித்தும் சேர்வதைக் கொண்டு அவை கணக்கிடுகின்றன. மரங்களும் வீடுகளும் காற்றைத் தடுக்குமாதலால், திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளப்பதே முறை.

இத்தனை நுணுக்கம் ஏன்? வேகம் இரு மடங்கானால், காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய தகரக் கூரை 60 கிலோமீட்டரில் பறந்துவிடக்கூடும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் அலை கொண்டு சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தை நாம் மறக்கலாகாது.

ஆகவே, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ காற்றின் வேகம் அறிவிக்கப்படும்போது அதை வெறும் எண்ணாகக் கேளாதீர்கள். கூரையை இறுகக் கட்டுங்கள். பிள்ளைகளை மரத்தடியில் நிற்க விடாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். காற்றை அளப்பதும் அவ்வாறு கட்டும் கயிறுகளில் ஒன்றேயாகும்.