முகம் கிடைத்தது, கூலி எங்கே?

"நீ நெய்த துணியை நாங்கள் விற்போம், கூலி கேட்காதே, சோறு போடுகிறோமே!" என்று ஒரு முதலாளி நெசவாளியிடம் சொன்னால் அதைக் கொள்ளை என்போம். அமெரிக்கக் கல்லூரிகளில் அதற்குப் பல்லாண்டுக் காலம் 'விளையாட்டின் தூய்மை' என்று பெயர்!

அங்கே கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கம் என்.சி.ஏ.ஏ. அதன் ஆடவர் கூடைப்பந்துப் போட்டியின் டெலிவிஷன் உரிமைக்கு 2016-ல் செய்த ஒப்பந்த நீட்டிப்பு மட்டும் 8 ஆண்டுக்கு 880 கோடி டாலர். பல மாநிலங்களில் சர்க்கார் சம்பளத்தில் முதலிடம் கவர்னருக்கல்ல, கல்லூரிப் பயிற்சியாளருக்கு! ஆடும் மாணவனுக்கோ அன்று கிடைத்தது படிப்புச் செலவும், சாப்பாடும், தங்க இடமும்தான். 2021 வரை, தன் படத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசு வாங்கினால் ஆடும் தகுதியே போய்விடும் என்பதே விதியாக இருந்தது.

'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லே 1950-களில் செய்யப்பட்டது. அடிபட்டவர்கள் தொழிலாளர் நஷ்டஈடு கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் பிறந்தது அது என்று, சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் எழுதினார். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கொலராடோவில் 1955-ல் ஆட்டத்தில் அடிபட்டு ஒரு மாணவர் மாண்டார். அவர் மனைவி நஷ்டஈடு கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று கூறி, 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

வீடியோ விளையாட்டு ஒன்றில் தன் உருவத்தையே விற்கக் கண்ட எட் ஓபானன் 2009-ல் வழக்குத் தொடுத்தார். 2019-ல் கலிபோர்னியா, மாணவர் தம் பெயர், படம் கொண்டு சம்பாதிப்பதைத் தடுக்கலாகாது என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. 2021 ஜூலை 1-ல் சங்கம் பணிந்தது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற வழக்குச் சமரசத்தின்படி, பழைய பாக்கியாக 280 கோடி டாலர் தரவும் அது இசைந்தது.

இது வெற்றியே, மறுக்கவில்லை. ஆனால் விளம்பரக் கம்பெனி தேடி வருவது புகழ்பெற்ற முகத்தை. பெயர் தெரியாமல் முட்டியை முறித்துக்கொள்கிறவனை யார் தேடுவார்? அவனுக்கு வேண்டியது கூலியும், காயத்துக்கு ஈடும், பேரம் பேசச் சங்கமும். டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று வாக்களித்துத் தொழிற்சங்கம் கேட்டார்கள். கல்லூரி பேச மறுத்தது. ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற நேர்ந்தது.

முகத்தை விற்கும் உரிமை ஒருவனை உயர்த்தும். உழைப்பாளி என்னும் உரிமைதான் அனைவரையும் காக்கும். முதலாவது கிடைத்ததென்று இரண்டாவதை மறப்பது ஏமாளித்தனம். அந்த இளைஞர்கள் மறக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.